ஒரு புட்டிங் வழக்கு

ஜூன் 4

அக்காவுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் "எனக்கென்ன கேடு" என்பீர்கள். பதினோரு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. பன்னிரண்டாவது முறை உங்கள் வீட்டுக்காரர் எடுத்து, "அவ கை மாவா இருக்கும்மா" என்றார். மத்தியானம் மூன்று மணிக்கு என்ன மாவு? அதனால்தான் கடிதம். போனைப் பாதியில் வைத்துவிடலாம், கடிதத்தை வைக்க முடியாது. கோபத்தில் கிழித்துப் போட்டாலும், என்னதான் எழுதித் தொலைத்திருக்கிறாள் என்று நீங்களே ஒட்டிப் படிப்பீர்கள்.

வீடு மூன்றாம் மாடியில். சமையலறையில் ஒருவர் திரும்ப வேண்டுமென்றால் இன்னொருவர் வெளியே போய் நிற்க வேண்டும். உங்கள் கொழுந்தனார் ஆறரைக்கே தொழிற்சாலை பஸ்ஸைப் பிடித்துவிடுகிறார். அதற்கப்புறம் நானும் நாலு சுவரும்தான்.

ஒரே வீட்டுக்கு மருமகள்களாக வந்து, ஒரே கடையில் ஒன்பது வருடம் பக்கத்துப் பக்கத்து அடுப்பில் நின்றோம். காலைச் சாப்பாடு உங்கள் கை, இனிப்பு என் கை. அப்படியிருக்க, நான் ஊரைவிட்டுக் கிளம்ப ஒரு வாரம் இருக்கையில், கடை நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது, "உன் புட்டிங் பாதிக்குப் பாதி திரும்பி வருது. வாய் பொய் சொல்லும், தட்டு சொல்லாது" என்று சொல்லிவிட்டு, கரும்பலகையிலிருந்து என் கேரமல் புட்டிங்கை ஈரத் துணியால் அழித்தீர்கள். அந்த இடத்தில் வேறு எதையாவது எழுதியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். வெறுமனே விட்டுவிட்டீர்கள். எங்கள் வண்டி கிளம்பும்போது வாசலுக்கு வந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இந்த ஊரில் காலைச் சாப்பாட்டுக்கென்றே கடைகள், இனிப்புக்கென்றே கடைகள், தெருவுக்கு நாலு இருக்கின்றன. இந்த மாதம் முழுக்கத் தினம் ஒரு கடை ஏறி இறங்கப் போகிறேன். எனக்கு இனிப்புச் செய்ய வருமா வராதா என்று எனக்கே தெரிந்தாக வேண்டும். நீங்கள் சொன்னதுதான் சரி என்று பட்டால், இனி ஓவன் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன். கீழ்த்தளத்தில் ஒரு துணிக்கடை, ஆள் தேவை என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். போய்த் துணி மடிப்பேன். வீம்புக்குச் சொல்லவில்லை.

இதுவரை மூன்று முடித்தாயிற்று. முதல் கடையில் ஆம்லெட் ஓரம் கருகி, நடுவில் சளசளவென்று இருந்தது. இரண்டாவதில் மெனு அட்டை என் முழங்கை நீளம், காபி வர இருபத்தைந்து நிமிடம். மூன்றாவது இனிப்புக் கடை. காலை ஏழு மணிக்கே வரிசை. சாக்லேட் கேக்கை வாயில் வைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ருசியால் இல்லை, பொறாமையால்.

பதில் போட மனசிருந்தால் போடுங்கள்.

சின்னவள்


ஜூன் 10

சின்னவளுக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை.

நீ கிளம்பிய அன்று அடுப்பில் பால் இருந்தது. பொங்குகிற பாலை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவந்து கையசைக்க நான் என்ன சினிமாவிலா நடிக்கிறேன்? நீ பேசுகிறாயே, உன் கதை என்ன? கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது என்னிடம் வந்து, "அக்கா, அவருக்கு மாற்றல்" என்றாய். அது வந்து ஒரு மாதமாயிற்று என்று எனக்கு முன்னாலேயே தெரியும். சொன்னது யார் தெரியுமா? பால்காரர். ஒரே வீட்டு மருமகள் ஊரைவிட்டுப் போகிற சங்கதி எனக்குப் பால்காரர் சொல்லித்தான் தெரிய வேண்டியிருந்தது. அதை முதலில் யோசி.

நீ ஊர் சுற்றுவது உன் இஷ்டம். ஆனால் சுற்றுகிற லட்சணம் சரியில்லை. ஆம்லெட் கருகியது, கேக் அழவைத்தது என்றெல்லாம் எழுதினால் எனக்கு அதில் என்ன தெரியும்? நீ தின்றதை எழுதாதே, மற்றவர்கள் மிச்சம் வைத்ததை எழுது. எந்தக் கடைக்குப் போனாலும் எச்சில் தட்டு விழும் தொட்டிக்குப் பக்கத்து மேஜையில் உட்கார். அந்த மேஜைக்கு யாரும் போட்டிக்கு வரமாட்டார்கள். முகத்தைப் பார்க்காதே, முகம் மரியாதைக்குச் சிரிக்கும். என்ன திரும்புகிறது, எவ்வளவு திரும்புகிறது, அதை மட்டும் பார். பதினான்கு வருடமாக நான் கடை நடத்துவது அப்படித்தான்.

துணிக்கடைக்கெல்லாம் போகாதே. சும்மா இருக்கிற கை இல்லை அது, நாலே நாளில் பைத்தியம் பிடித்துவிடும்.

இங்கே கடை நன்றாக நடக்கிறது. யாரும் உன்னைப் பற்றிக் கேட்கவில்லை.

பெரியவள்


ஜூன் 24

அக்காவுக்கு,

பால்காரர் விஷயம் தப்புதான். உங்களிடம் சொல்லவேண்டும் என்று தினமும் நினைத்து, தினமும் வாயை மூடிக்கொண்டேன். சொன்னால் உங்கள் முகம் எப்படிப் போகும் என்று பயம். என்னை மன்னித்துவிடுங்கள் என்று எழுதிவிட்டேன், திரும்பத் திரும்ப எழுதச் சொல்லாதீர்கள்.

நீங்கள் சொன்னபடி தொட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். பதினோரு கடை. நாலாவது கடையில் நான் தட்டுகளைப் பார்த்து நோட்டில் குறிப்பதைக் கண்ட முதலாளி, சுகாதாரத் துறையிலிருந்து வந்த அம்மா என்று முடிவே கட்டிவிட்டார். சமையல்காரரை வெளியே கூட்டிவந்து என் எதிரிலேயே சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்தார். "நான் சும்மா சாப்பிட வந்தவங்க" என்றேன். "எல்லா மேடமும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்று இன்னொரு பன்னைக் கொண்டுவந்து வைத்தார். பன் நன்றாகத்தான் இருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், கோபப்படாமல் படியுங்கள். வரிசை நிற்கும் அந்த இனிப்புக் கடையிலேயே, பத்துத் தட்டில் ஏழு தட்டு பாதியோடு திரும்புகிறது. என்னை அழவைத்த அதே சாக்லேட் கேக். ருசியில்லாமலா? சாப்பிட்டவர்கள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு நாள் நாலு நர்சுகள் இரவு வேலை முடிந்து வந்தார்கள். ஒரு கேக், நாலு கரண்டி. ஆளுக்கு மூன்று வாய். தட்டைத் துடைத்துவைத்துவிட்டுப் போனார்கள். அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. காலையில் வயிறாரச் சாப்பிட்டவனுக்கு இனிப்பில் மூன்று கரண்டிதான் வேண்டும். நாலாவது கரண்டி பாரம்.

நாம் என்ன செய்தோம்? தட்டு அடுக்கு சரியக்கூடாது என்று கடைக்கு ஒரே அளவுத் தட்டுதான் வாங்கினீர்கள். ஆம்லெட்டுக்கும் அதே அகலத் தட்டு, புட்டிங்குக்கும் அதே அகலத் தட்டு. அதில் சின்னத் துண்டு வைத்தால் வெறிச்சென்று இருக்கும், கஞ்சத்தனம் என்பார்கள் என்று நான் ஒவ்வொரு வருடமும் துண்டைப் பெரிதாக்கிக்கொண்டே போனேன். தட்டுக்கு ஏற்றபடி புட்டிங் செய்தோமே தவிர வயிற்றுக்கு ஏற்றபடி செய்யவில்லை. தட்டு உங்கள் தப்பு, துண்டு என் தப்பு.

இதை நான் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பஸ் டிப்போவை ஒட்டி ஒரு காலைச் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. இந்த ஊரிலேயே தொட்டிக்குக் காலித் தட்டாகவே போகும் ஒரே கடை. முதலாளி அடுப்படியிலும் கம்பளித் தொப்பியைக் கழற்றுவதில்லை, எல்லோரும் தொப்பிக்காரர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அங்கே இனிப்பே கிடையாது. "ஏன் வைக்கல?" என்றேன். "வச்சேன், பாதி திரும்பி வந்துது, எடுத்துட்டேன்" என்றார். உங்களையே ஆணாகப் பிறக்கவைத்து எதிரில் நிறுத்தியது போல இருந்தது. காபி கிளாஸில், மூன்று கரண்டி அளவில், புட்டிங் வைத்தால் மிஞ்சாது என்றேன். "பேச்சு எல்லாருக்கும் வரும். செஞ்சு காட்டு" என்றார்.

ஜூலை மூன்றிலிருந்து பத்து நாள், தினம் நாற்பது கிளாஸ். பத்தாவது நாள் ஒரு கிளாஸில் மிச்சம் இருந்தாலும் நான் கிளம்பிவிட வேண்டும். துணிக்கடைக்காரரிடம் பதிமூன்றாம் தேதிவரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.

சின்னவள்


ஜூன் 29

சின்னவளுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுதவில்லை. என் தட்டின் மேல் பழியைப் போட உனக்கு எவ்வளவு தைரியம். அந்தத் தட்டை வாங்க நான் எத்தனை கடை ஏறினேன் என்று உனக்குத் தெரியாது. ஒரே அளவு என்பதால்தான் இத்தனை வருடத்தில் ஒன்றுகூட உடையவில்லை.

சரி, அது கிடக்கட்டும். நீ பத்து நாள் என்று ஒப்புக்கொண்டு வந்துவிட்டாய். கேட்டுக்கொள்.

சின்னக் கிளாஸ் சீக்கிரம் வேகும். நீ பெரிய டிரேக்குக் கொடுத்த நேரத்தைக் கொடுத்தாயானால் ரப்பர்தான் கிடைக்கும். சூட்டைக் குறை. டிரேயில் துணியை மடித்துப் போட்டு, அதன்மேல் கிளாஸை நிறுத்தி, வெந்நீர் ஊற்று. நடுவில் லேசாக ஆட்டம் இருக்கும்போதே வெளியே எடு, மிச்சம் தன் சூட்டிலேயே வெந்துவிடும்.

இன்னொன்று. சர்க்கரையைக் கருக்கும்போது நீ எப்போதும் அவசரப்பட்டு இறக்கிவிடுகிறாய். வந்த முதல் வருடம் பாகு தெறித்து மணிக்கட்டைச் சுட்டுக்கொண்டாயே, அந்தப் பயம். நான் சொன்னால் அழுவாய் என்று ஒன்பது வருடம் சொல்லவில்லை. மஞ்சளாக இருக்கும்போது இறக்கினால் வெறும் தித்திப்பு. முதல் புகை எழும்வரை பொறு. லேசாகக் கசக்கட்டும், அப்போதுதான் அடுத்த கரண்டி கேட்கும். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. பக்கத்து அடுப்பில் நின்றவளுக்குக் கண் இருக்காதா?

இங்கே சிலர் உன் புட்டிங்கைக் கேட்கத்தான் கேட்கிறார்கள். "ஆள் ஊருக்குப் போயிருக்கு" என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

பெரியவள்


ஜூலை 6

அக்காவுக்கு,

நிற்க நேரமில்லை, மாவு மூட்டைமேல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் நேற்று மத்தியானம்தான் வந்தது. அதற்குள் என் மானம் கப்பலேறிவிட்டது. முதல் நாள் நாற்பதில் பத்தொன்பது திரும்பியது. பழைய கணக்கிலேயே வேகவைத்தேன், நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, அதே ரப்பர். இரண்டாம் நாள் இருபத்திரண்டு. நேற்றுக் காலை பதினெட்டு. ஆம்லெட் போடுகிறவர் ஒரு கிளாஸைக் கவிழ்த்துக் காட்டினார், விழவே இல்லை. "சிமெண்ட் கம்பெனிக்கு எழுதிப் போடலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தொப்பிக்காரர் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. சாமான் அறைக்குள் போய் அழுதேன். துணிக்கடைக்கு நாளைக்கே வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிடலாம் என்றுதான் வீட்டுக்குப் போனேன். கதவுக்கடியில் உங்கள் கடிதம் கிடந்தது.

நாலு முறை படித்தேன். ஆமாம் அக்கா, எனக்குப் பயம்தான். பாகு நிறம் மாறியதும் என் கை தானாகவே பாத்திரத்தைத் தூக்கிவிடும். எனக்கே தெரியாத ஒன்றை நீங்கள் ஒன்பது வருடமாகப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறீர்கள்.

இன்று காலை, பாத்திரத்தைத் தூக்கும் இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். மஞ்சள் வந்தது, தூக்கவில்லை. செம்பழுப்பு வந்தது, தூக்கவில்லை. முதல் புகை எழுந்ததும் எடுத்தேன். துணி, வெந்நீர், ஆட்டம் எல்லாம் நீங்கள் சொன்னபடி. இன்று திரும்பியது ஆறுதான். ஆம்லெட்காரர் ஒன்றை எடுத்துத் தின்று, கிளாஸை வழித்துவைத்துவிட்டு அடுப்புக்குப் போனார்.

யார் கேட்டார்கள்? பெயர் பெயராக எழுதுங்கள். எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

சின்னவள்


ஜூலை 9

சின்னவளுக்கு,

வங்கிக் காவல்காரர் கேட்டார். மருந்துக்கடைக்காரரும் அவர் மச்சானும் கேட்டார்கள். தையல்காரம்மா இரண்டு முறை கேட்டுவிட்டு, இப்போது வருவதையே நிறுத்திவிட்டாள். தபால்காரர் உன் கடிதத்தைக் கொடுக்கும்போதெல்லாம், "சின்னம்மா எப்ப வராங்க?" என்கிறார்.

நீ பாதி பாதி என்று எழுதியதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. அதனால் ஒரு வேலை செய்தேன். மிச்சம் வைத்தவர்களை ஒவ்வொருவராகப் பிடித்துக் கேட்டேன். வங்கிக் காவல்காரரிடம், "எப்பவும் பாதி வச்சிட்டுப் போவீங்களே, புடிக்கலைன்னா சொல்லித் தொலைய வேண்டியதுதானே?" என்றேன். அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "புடிக்கலையா? வயிறு ஃபுல்லுங்க. கொஞ்ச நேரம் உக்காந்து மெதுவா சாப்பிடலாம்னு தள்ளி வச்சிருப்பேன். அதுக்குள்ள நீங்க வந்து தட்டைப் புடுங்கிட்டுப் போயிடுவீங்க. உங்ககிட்ட யாரு கேக்குறது?"

மருந்துக்கடைக்காரரும் அதையேதான் சொன்னார். மேஜையை உடனுக்குடன் துடைக்கும் கடை என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். கரண்டி கையில் இருக்கும்போதே ஆட்களிடமிருந்து பிடுங்கியிருக்கிறேன். தட்டு பொய் சொல்லவில்லை. நான்தான் அது சொல்லி முடிப்பதற்குள் தொட்டியில் போட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ போகப் போகிறாய் என்று பால்காரர் சொன்ன அன்றைக்குத்தான் பலகையை அழித்தேன். நீ இல்லாத கடையில் உன் புட்டிங் பெயரை மட்டும் தினமும் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியாது என்று பட்டது. அதைச் சொல்லத் தெரியாமல் தட்டைச் சாக்குச் சொன்னேன். வண்டி கிளம்பியபோது அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

இன்னும் மூன்று நாள் இருக்கிறது. கையைக் கட்டிக்கொண்டே நில். தோற்றுவிட்டு வந்து என் முகத்தில் விழிக்காதே.

பெரியவள்


ஜூலை 12

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தையாவது உட்கார்ந்து எழுது என்று உங்கள் கொழுந்தனார் சொல்கிறார். எப்படி உட்காருவது? நின்றுகொண்டே எழுதுகிறேன்.

ஏழாம் நாள் நாலு, எட்டாம் நாள் இரண்டு, நேற்று ஒன்று. அந்த ஒன்றும் கிளாஸைத் தட்டிவிட்டதால். உங்கள் கடிதம் இன்று விடியற்காலை கிளம்பும்போதுதான் கைக்குக் கிடைத்தது. நேற்றே வந்து கதவிடுக்கில் செருகியிருந்திருக்கிறது. படியிலேயே நின்று படித்துவிட்டேன். அழுகிற நேரமில்லை, அதனால் அழவில்லை.

ஏழு மணிக்கு நாற்பது கிளாஸையும் முன் மேஜையில் வைத்தேன். ஏழு ஐம்பதுக்கு ஒன்றுகூட இல்லை. நர்சுகள் நாலு பேரும் அந்த இனிப்புக் கடையை விட்டுவிட்டு இங்கே வந்து, இந்தத் தடவை ஆளுக்கொன்று வாங்கினார்கள். கடைசி கிளாஸுக்கு ஒரு பள்ளிக்கூட ஆசிரியையும் ஒரு லாரிக்காரரும் மல்லுக்கு நின்றார்கள், ஆசிரியை ஜெயித்தார். கடை முழுக்கக் கரண்டி கிளாஸைச் சுரண்டும் சத்தம். நம் கடையில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை அக்கா.

தொப்பிக்காரர் தொட்டிப் பக்கத்தில் தானே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கிளாஸை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து அடுக்கினார். எட்டே முக்காலுக்கு முப்பத்தொன்பது. எல்லாம் துடைத்துவைத்தது போலிருந்தது. "நாப்பதாவது எங்க?" என்றார். மேஜைக்கடியில் தேடினோம், வாசலில் தேடினோம், குப்பையைக்கூடக் கொட்டிப் பார்த்தோம். "யாரோ புடிக்காம கொண்டு போய் வெளிய வச்சிருப்பாங்க" என்றார் ஆம்லெட்காரர். ஒன்பதரை ஆயிற்று. துணி மடிக்கப் போகிற என் கையை நானே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பத்து மணிக்கு ஒரு பஸ் டிரைவர் மூச்சிரைக்க உள்ளே வந்தார். சட்டைப் பையிலிருந்து கிளாஸை எடுத்து மேஜையில் வைத்தார். "திட்டாதீங்கம்மா. வண்டி எடுக்க நேரமாயிடுச்சு, விட்டுட்டுப் போக மனசு வரல. கிளாஸோட ஏறிட்டேன். சிக்னல் சிக்னலா நிறுத்தி முடிச்சேன்." தொப்பிக்காரர் அந்தக் கிளாஸையும் வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே ஒரு துளி இல்லை. "நாளைக்கு எனக்கு ரெண்டு எடுத்து வைங்க" என்று சொல்லிவிட்டு டிரைவர் ஓடிவிட்டார்.

தொப்பிக்காரர் எழுந்தார். அவர் தொப்பியைக் கழற்றி நான் பார்த்தது இன்றுதான், தலையைச் சொறிந்துவிட்டுத் திரும்ப மாட்டிக்கொண்டார். "முன் கவுண்டர் இனிமே உன்னோடது. நாளைக்கு எண்பது பண்ணு" என்றார். ஆம்லெட்காரர் தன் ஏப்ரன்களில் புதிதாக இருந்த ஒன்றை எடுத்து என் தோளில் போட்டார்.

துணிக்கடைக்காரரிடம் போய் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார். "எனக்கு இனிப்புச் செய்ய வரும்" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. இன்னொரு தரம் சொன்னேன். எனக்காகச் சொன்னேன்.

உங்கள் சின்னவள்


ஜூலை 16

சின்னவளுக்கு,

உன் கடிதம் காலை எட்டு மணிக்கு வந்தது. கடையில் கூட்டம். தபால்காரர், "என்னம்மா, நின்னுக்கிட்டே படிக்கிறீங்க, அடுப்புல எதுவோ கருகுது" என்றார். கருகட்டும் என்றேன். பதினான்கு வருடத்தில் என் கையால் ஆம்லெட் கருகியது இன்றுதான்.

படித்து முடித்ததும் வங்கிக் காவல்காரர் வழக்கம்போலக் கேட்டார். "சின்னம்மா எப்ப வராங்க?" இத்தனை நாள் ஆள் ஊருக்குப் போயிருக்கு என்று சொல்லிவந்த வாய், அதைச் சொல்ல மறுத்துவிட்டது. "அவ வரமாட்டா. அங்க ஜெயிச்சிட்டா. அந்த ஊர்ல ஒரு முன் கவுண்டரே அவளோடது. தினம் எண்பது, ஒண்ணு மிஞ்சறதில்ல" என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தார்கள்.

அதோடு விட்டேனா என்றால் விடவில்லை. மருந்துக்கடைக்காரர் மேஜைக்குப் போய்ச் சொன்னேன். பக்கத்து மேஜையில் முன்பின் தெரியாத இரண்டு பேர், யாரைப் பற்றி என்றுகூட அவர்களுக்குத் தெரியாது, அவர்களுக்கும் உட்கார்ந்து விவரமாகச் சொன்னேன். தையல்காரம்மா தெருவில் போய்க்கொண்டிருந்தாள், வாசலுக்கு ஓடிப்போய்க் கூப்பிட்டுச் சொன்னேன். என் வீட்டுக்காரர் கல்லாவிலிருந்து, "அஞ்சாவது தடவை சொல்றே, எல்லாருக்கும் கேட்டாச்சு" என்றார். கடைசி மேஜையில் இருந்தவர் பாவம், கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், எழுந்து கை கழுவப் போனார்.

நான் அங்கேயும் பின்னாலேயே போய்ச் சொன்னேன்.

அக்கா